அம்பாங் பெச்சா கற்பிக்கும் பாடம்
நகரங்கள் நீடித்து வாழ வட்டார ஆய்வு செய்யும் துணை

நகரம் என்பது கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த குவியல் அன்று. ஆறும் மண்ணும் மழையும் ஒரு புறம். தொழிலும் ஆட்சியும் மக்களின் பழக்க வழக்கங்களும் மறுபுறம். இவை ஓரிடத்தில் நெடுங்காலம் கூடி வாழ்ந்ததன் விளைவே நகரம். ஆகவே, ஒரு நகரம் நீடித்து வாழுமா, நலிந்து போகுமா என்னும் வினாவுக்கு அளவுகோலும் வரைபடமும் மட்டும் விடை தந்துவிட முடியாது. அந்த மண்ணின் வரலாற்றையும், அங்கு வாழ்ந்தோரின் மொழியையும், அவர்கள் விட்டுச் சென்ற நினைவுகளையும் கேட்டறிய வேண்டும்.

கோலாலம்பூரில் அம்பாங் என்னும் பெயரை அறியாதார் இலர். நாள்தோறும் பல்லாயிரவர் அப்பெயர் தாங்கிய சாலையிலும் இரயிலிலும் செல்கின்றனர். அது ஒரு மலாய்ச் சொல் என்பதையும், நீரைத் தடுத்து நிறுத்தும் அணை என்பதே அதன் பொருள் என்பதையும் எண்ணிப் பார்ப்போர் எத்தனை பேர்? சிலாங்கூரின் வடபகுதியில், உலு சிலாங்கூர் மாவட்டத்தில், அம்பாங் பெச்சா என்று ஓர் ஊர் உண்டு. பெச்சா என்றால் உடைதல். ஆக, அவ்வூரின் பெயர் ‘உடைந்த அணை’. ஒரு பேரழிவின் முழுக்கதையும் இரண்டே சொற்களில் அடங்கிக் கிடக்கிறது. அக்கதையை வழிகாட்டியாகக் கொண்டு, நகர வாழ்வைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வட்டார ஆய்வு எவ்வாறு துணை நிற்கும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வட்டார ஆய்வு என்பது யாது?

ஒரு நாட்டையோ நிலப்பகுதியையோ எடுத்துக்கொண்டு, அதன் மொழி, வரலாறு, நில இயல்பு, சமயம், தொழில், ஆட்சிமுறை ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து வைக்காமல் ஒருங்கே வைத்து ஆராயும் கல்வித்துறையே வட்டார ஆய்வு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்துறை மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் வேகமாக வளர்ந்தது. பிற நாடுகளை அறிந்துகொள்ள வேண்டும் என்ற அரசியல் தேவையே அவ்வளர்ச்சிக்குப் பெரிதும் காரணமாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1960களில் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் தென்கிழக்காசிய ஆய்வு மையம் தோன்றியது. 1968-இல் சிங்கப்பூரில் தென்கிழக்காசியக் கல்விக் கழகம் நிறுவப்பட்டது. நம்மைப் பற்றிப் பிறர் எழுதிய நிலை மாறி, நாமே நம் பகுதியை ஆராயும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

நகரங்கள் நீடித்து வாழ்வதைப் பற்றிய ஆராய்ச்சி இதனினும் இளையது. நீர், கழிவு, வெப்பம், போக்குவரத்து, குடியிருப்பு ஆகியவற்றை அளந்து, வருங்கால மக்களுக்குக் கேடு செய்யாத நகர வாழ்வு எது என்று அது தேடுகிறது. பொறியியலாரும் பொருளியலாரும் அதில் முன்னணியில் நிற்கின்றனர். அவர்களுடைய கணக்குகள் எந்த நகரத்துக்கும் பொருந்துமாறு அமைக்கப்பட்டவை. அதுவே அவற்றின் வலிமை. அதுவே அவற்றின் குறையும் ஆகும். ஒரே அளவு மழை இரண்டு ஊர்களில் பெய்தால், ஓர் ஊர் நனைகிறது. மற்றோர் ஊர் மூழ்குகிறது. இந்த வேறுபாட்டை அறிய, அந்த ஊர் அங்கு ஏன் வந்தது, யார் கொண்டுவந்தார், ஆற்றின் மேற்பகுதியில் என்ன நடந்தது என்றெல்லாம் கேட்க வேண்டும். இவை வட்டார ஆய்வாளரின் கேள்விகள்.

உடைந்த அணை

கோலகுபு என்னும் ஊர், குபு ஆறு சிலாங்கூர் ஆற்றோடு கூடும் இடத்தில் எழுந்தது. குபு என்பது அரணைக் குறிக்கும் சொல். சுற்று வட்டாரத்தில் ஈயமண் மிகுதி. ஈயம் கழுவ நீர் வேண்டும். அதற்காக, பிரிட்டிஷார் ஆட்சிக்கு முற்பட்ட காலத்திலேயே மலாய் மக்கள் அங்கு மண்ணாலும் மரத்தாலும் பெரியதோர் அணையைக் கட்டியிருந்தனர். அணைக்குக் கீழே ஊர் வளர்ந்தது. மலாய்க்காரரும் சீனரும் அங்கு வாழ்ந்து வாணிகம் செய்தனர்.

1883-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அடைமழையின் போது அவ்வணை உடைந்தது. தேங்கியிருந்த நீர் முழுவதும் ஊர்மீது பாய்ந்தது. ஏறத்தாழ முப்பது பேர் மாண்டனர். மாவட்ட அதிகாரியாகவும் நீதிபதியாகவும் இருந்த செசில் ரேங்கிங் என்னும் ஆங்கிலேயரும் அவருள் ஒருவர்.

இந்நிகழ்ச்சியைப் பற்றி மக்களிடையே ஒரு கதை வழங்குகிறது. அணையைக் காத்து வந்தது ஒரு வெள்ளை முதலை என்றும், ஊரார் தடுத்தும் கேளாமல் ரேங்கிங் அதனைச் சுட்டுக் கொன்றார் என்றும், அதனாலேயே அணை உடைந்து அவரும் மாண்டார் என்றும் சொல்வர். பொறியியலார் இதைக் கேட்டுப் புன்னகை செய்வார். மண் அணையின் உறுதியும் மழையின் அளவும் அவருக்குப் போதும். வட்டார ஆய்வாளரும் முதலைதான் அணையைத் தாங்கியது என்று நம்புபவர் அல்லர். ஆயினும் அவர் வேறொன்றைக் கேட்பார்: காவல் தேவதை ஒன்று வேண்டும் என்று மக்கள் கருதிய அந்த அணைக்கு மனிதக் காவலர் யார்? ஆண்டுதோறும் கரையை மண்ணிட்டு உயர்த்தியவர் யார்? மரத்தண்டுகளை மாற்றியவர் யார்? ஆட்சி கைமாறிய பின் அந்தப் பொறுப்பு யாரிடம் சென்றது?

கதை சான்று ஆகாது. ஆனால், எங்கே சான்று தேட வேண்டும் என்று கதை காட்டும். பழைய ஆட்சியில் இருந்த ஒரு பொதுப்பணி புதிய ஆட்சியின் ஏட்டில் இடம்பெறாமல் போயிருக்கலாம் என்ற ஐயத்தை அது எழுப்புகிறது. இன்றைய நகரங்களிலும் பழைய வாய்க்கால்களும் மதகுகளும் எந்தத் துறையின் பொறுப்பு என்று தெரியாமல் கேட்பாரற்றுக் கிடப்பதைக் காண்கிறோம் அல்லவா?

மணலில் புதைந்த ஊர்

அணை உடைந்ததோடு ஊர் அழிந்துவிடவில்லை. மீண்டும் எழுந்தது. 1890களில் இரயில் பாதை அங்கு வந்தது. பகாங் மாநிலத்துக்குச் செல்லும் மலைச்சாலையின் வாயிலாகவும் அவ்வூர் விளங்கியது. கடைத்தெருக்கள் பெருகின. வெளித்தோற்றத்தில் வளமான ஊர்.

ஆனால், கண்ணுக்குத் தெரியாமல் ஆறு மாறிக்கொண்டிருந்தது. மேற்பகுதிகளில் ஈயச் சுரங்கங்கள் பெருகின. மலைச்சரிவில் நீரைப் பாய்ச்சி மண்ணைக் கரைத்து ஈயத்தைப் பிரித்தெடுக்கும் லம்பான் என்னும் முறையும் சிலாங்கூரில் வழக்கில் இருந்தது. ஈயம் தங்கியது, மணலும் சேறும் ஆற்றில் இறங்கின. ஆற்றுப்படுகை ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்தது. படுகை உயர்ந்தால் நீர் கரையேறும். வெள்ளம் வந்து போன ஒவ்வொரு முறையும் தெருவில் மணல் தங்கிற்று. 1926-ஆம் ஆண்டு மலாயா முழுவதையும் உலுக்கிய பெருவெள்ளம் கோலகுபுவையும் வாட்டியது. இனி அவ்விடத்தில் ஊர் நிலைக்காது என்பது உறுதியாயிற்று. பழைய ஊர் கைவிடப்பட்டது. சற்றுத் தொலைவில், மேட்டு நிலத்தில், கோலகுபு பாரு என்ற புதிய ஊர் அமைந்தது. 1930களின் தொடக்கத்தில் குடிபெயர்வு நிறைவெய்தியது. பழைய ஊர் இருந்த பகுதியே இன்று அம்பாங் பெச்சா என வழங்குகிறது.

புதிய ஊரின் அமைப்போடு சார்ல்ஸ் ரீட் என்னும் நகரத் திட்ட வல்லுநரின் பெயர் இணைந்துள்ளது. நியூசிலாந்தில் பிறந்து, தென் ஆஸ்திரேலியாவில் பணியாற்றி, 1921-இல் மலாய் ஐக்கிய மாநிலங்களுக்கு அரசாங்க நகரத் திட்டமிடுவோராக வந்தவர் அவர். இங்கிலாந்தில் எபனேசர் ஹோவார்டு 1898-இல் வெளியிட்ட பூங்கா நகரக் கருத்தைப் பின்பற்றியவர். கடைத்தெரு ஓரிடம், குடியிருப்பு ஓரிடம், இடையே பசும்புல் திடலும் மரங்களும். இந்த ஒழுங்கு கோலகுபு பாருவில் இன்றும் காணத்தக்கது.

நகர வளர்ச்சி நூல்கள் இக்கதையைச் சொல்லும்போது பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன. மேனாட்டுக் கருத்து ஒன்று வந்தது. அழகிய ஊர் ஒன்று பிறந்தது என்று முடித்துவிடுகின்றன. அது பாதி உண்மை. அவ்வூரைப் பிழைக்க வைத்தது பூங்கா மட்டும் அன்று. ஆற்றின் வழியை விட்டு விலகி நின்றதே அதன் முதல் நற்பேறு. மற்றொரு பாதியும் உண்டு: ஊரைப் புதைத்த மணல் எங்கிருந்து வந்ததோ, அந்தத் தொழிலின் வருவாயிலேயே ஊரும் வாழ்ந்தது, ஆட்சியும் வாழ்ந்தது. ஈயத்தின் மீது விதித்த வரி அக்கால அரசாங்கத்தின் பெரும் வருவாய். ஆகவே, மேலே தொழிலை நிறுத்துவதைக் காட்டிலும் கீழே ஊரை மாற்றுவதே எளிதாக இருந்தது. யார் ஆதாயம் பெற்றார், யார் வீட்டை இழந்தார் என்று கேட்காமல் வெள்ளத்தின் காரணத்தை எழுதினால், அந்தக் காரணம் முழுமை பெறாது.

தலைநகரின் ஆறு

கோலகுபுவின் கதையைச் சிற்றூரின் கதை என்று ஒதுக்கிவிட இயலாது. தலைநகரின் கதையும் அதே எழுத்துகளால் எழுதப்பட்டதே. 1857-இல் கிள்ளான் பகுதியை ஆண்ட ராஜா அப்துல்லா, 87 சீனத் தொழிலாளரை ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். அவர்கள் ஈயம் தேடிச் சென்ற இடம் அம்பாங். காய்ச்சலால் பலர் மடிந்தனர். அவர்களுக்குப் பண்டங்கள் கொண்டு சென்ற படகுகள், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் நின்றன. அந்தப் படகுத்துறையே கோலாலம்பூர் ஆயிற்று. நகரம் அங்கு வந்தது படகு நிற்பதற்காக; மக்கள் பெருந்தொகையாக வாழ்வதற்கேற்ற மேட்டு நிலம் என்று யாரும் தேர்ந்தெடுத்ததன்று.

1881-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நகரைத் தீ எரித்தது. அவ்வாண்டின் இறுதியில் வெள்ளம் அழித்தது. பின்னர் செங்கல்லும் ஓடும் கொண்டு வீடுகள் எழுந்தன. அச்செங்கல் சூளைகள் இருந்த பகுதிதான் நம்மவர் நெஞ்சுக்கு நெருக்கமான பிரிக்ஃபீல்ட்ஸ். 1926 வெள்ளம் தலைநகரையும் விட்டுவைக்கவில்லை. அதன்பின் நகருக்குள் ஆற்றின் போக்கு நேராக்கப்பட்டது. 1971 ஜனவரியில் வந்த பெருவெள்ளம் நகரின் நடுப்பகுதியை நீரில் ஆழ்த்திற்று. அணைகளும் வெள்ளத் தணிப்புத் திட்டங்களும் அடுத்தடுத்து வந்தன. 2007-இல் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கவழி ஒன்று திறக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி மழையில்லா நாளில் மோட்டார் வண்டிகளுக்குச் சாலை; பெருவெள்ளம் வரும்போது முழுச் சுரங்கமும் நீர் செல்லும் வழி. உலகம் வியக்கும் பொறியியல் வேலை அது.

அந்தச் சுரங்கவழி வெள்ளநீரை எங்கே உள்வாங்குகிறது? கிள்ளான் ஆற்றோடு அம்பாங் ஆறு வந்து கூடும் இடத்தின் அருகே! ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் தொழிலாளர் ஈயம் தேடிச் சென்ற அதே பள்ளத்தாக்கின் வாயிலில் இன்றைய பொறியியலார் வந்து நிற்கின்றனர். நகரின் வடபகுதியில் பத்து, ஜிஞ்சாங் வட்டாரத்துப் பழைய ஈயக் குட்டைகளும் வெள்ளநீரைத் தேக்கும் ஏரிகளாக இன்று பயன்படுகின்றன. சுரங்கத் தொழில் ஆற்றுக்குக் கேடு செய்தது. அது விட்டுச் சென்ற குழிகளோ நகரைக் காக்கின்றன. இந்த இருமுகத்தையும் அறியாமல் குட்டைகளை மண்ணிட்டு மூடி வீடு கட்ட முனைந்தால், நகரம் தன் கேடயத்தைத் தானே உடைத்தெறிவதாக முடியும். பழைய சுரங்க வரைபடங்கள் வரலாற்று மாணவர்க்கு மட்டும் உரியவை அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

2000-ஆம் ஆண்டில் நம் நாட்டு நீர்ப்பாசன, வடிகால் துறை ஒரு புதிய வழிகாட்டி நூலை வெளியிட்டது. மழைநீரை விரைவாக ஆற்றில் கொண்டு தள்ளும் பழைய முறையை விட்டு, அது விழும் இடத்திலேயே தேக்கிச் சிறிது சிறிதாக விடுதல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. மேலே செய்வதன் விளைவு கீழே வரும் என்னும் கோலகுபுவின் பாடம், இங்கே விதிமுறையாக உருவெடுத்திருக்கிறது. எனினும், 2021 டிசம்பரில் ஷா ஆலத்தின் தாமான் ஸ்ரீ மூடா போன்ற பகுதிகளில் மக்கள் கூரைமேல் நின்று படகுக்காகக் காத்திருந்ததை நாம் மறக்க முடியாது. விதி பிறப்பதற்கு முன்பே தாழ்நிலத்தில் எழுந்துவிட்ட குடியிருப்புகளை விதி மட்டும் காப்பாற்றிவிடாது.

அண்டை நாட்டின் சான்று

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நிலை அன்று. தாய்லாந்தின் சாவ் பிரயா ஆற்றுச் சமவெளியை எடுத்துக்கொள்வோம். கியோத்தோ மையத்தைச் சேர்ந்த தகாயா யோஷிகாசு என்னும் அறிஞர் அச்சமவெளியின் மண்ணையும் நீரையும் வேளாண்மையையும் நெடுங்காலம் ஆராய்ந்து, 1987-இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். எந்தப் பகுதியில் எந்த நெல் விளைகிறது என்பதையும், நீர் எவ்வாறு வந்து வடிகிறது என்பதையும் ஒருங்கே பார்த்தவர் அவர்.

பழைய தலைநகரான அயுத்தயாவைச் சுற்றிய தாழ்நிலங்களில் ஒருவகை நெல் பயிரிடப்பட்டு வந்தது. வெள்ளம் உயர உயர அதன் தாளும் நீண்டு, கதிர் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும். சில மீட்டர் ஆழ நீரிலும் அது பிழைக்கும். அங்கே வீடுகள் உயர்ந்த கால்களின்மேல் நின்றன. அப்படிப்பட்ட நெல் ஓரிடத்தில் விளைகிறது என்றால் அதன் பொருள் என்ன? ஆண்டுதோறும் அவ்விடம் ஆழமாக மூழ்கும் என்பதே. அந்நெல்லே ஓர் அளவுகோல். அவ்வீடே ஓர் எச்சரிக்கைப் பலகை.

பிற்காலத்தில் அச்சமவெளியில் தொழிற்பேட்டைகள் எழுந்தன. நிலம் மலிவு, சாலை வசதி உண்டு, தலைநகர் அருகில். 2011-இல் பெருவெள்ளம் வந்தபோது அயுத்தயா, பத்தும் தானி மாநிலங்களில் ஏழு தொழிற்பேட்டைகள் நீரில் மூழ்கின. நாடு முழுவதும் 800-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இழப்பு ஏறத்தாழ 4,500 கோடி அமெரிக்க டாலர் என உலக வங்கி மதிப்பிட்டது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் பழமொழி. அங்கோ ஆழம் தெரிந்தவர் இருந்தனர். அதை எழுதி வைத்த நூலும் இருந்தது. தொழிற்பேட்டைக்கு இடம் தேடியவரின் மேசைக்கும் நெல்வயலை ஆராய்ந்தவரின் மேசைக்கும் இடையே பாலம் இல்லாமற் போயிற்று. வட்டார ஆய்வு நகர ஆராய்ச்சிக்கு உதவுமா என்று கேட்போருக்கு இதுவே விடை: உதவும்; ஆனால், கேட்டால்தான் உதவும்.

தோட்டமும் நகரமும்

இனி நம் வாயிலுக்கு வருவோம். கிள்ளான் பள்ளத்தாக்கின் புதிய நகரங்கள் பலவும் வெற்று நிலத்தில் முளைத்தவை அல்ல. புத்ராஜெயா இருக்கும் இடம் பெரங் பெசார் தோட்டம். ஷா ஆலம் எழுந்தது சுங்கை ரெங்கம் தோட்டத்தில். சுபாங் ஜெயா எழுந்தது சீபீல்டு தோட்டத்தில். அந்நிலங்களில் காடழித்தவரும், கால்வாய் வெட்டியவரும், மரம் சீவியவரும் பெரும்பாலும் நம் மக்களே.

தோட்டத்தின் மண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் மரங்களுக்கு இடையே ஒரு புல்லும் இல்லாமல் தரையைத் துடைத்து வைப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளம் என்று துரைமார் எண்ணினர். அந்தப் புல்வெட்டு வேலையைச் செய்தோர் நம் முன்னோர். வெறுந்தரையில் மழை விழுந்தது. மேல்மண் கரைந்து ஆற்றில் சேர்ந்தது. ஈயச் சுரங்கத்தின் சேற்றோடு தோட்டத்தின் மண்ணும் கலந்தது. பிறகே பயறு வகைக் கொடிகளைத் தரையில் படரவிடும் முறை பரவிற்று. சரிவுகளில் மண்ணைத் தடுக்கும் குழிகளும் வரப்புகளும் வெட்டப்பட்டன. பாடநூலைப் படித்து அறிந்ததன்று; மண்வெட்டி பிடித்துப் பெற்ற அறிவு இது. எந்த நிரையில் மழைக்காலத்தில் கால் புதையும், எந்த லயத்தின் பின்புறம் நீர் ஏறும், எந்த ஓடை ஒரே இரவில் பெருகும் என்பதைத் தோட்டத்துப் பெரியவர்கள் அறிவர். பள்ளத்து லயம், மேட்டு லயம், ஆற்றங்கரை நிரை என்று அவர்கள் இட்ட பெயர்களே நிலத்தின் உயரத்தைச் சொல்லும் வரைபடங்கள்.

தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் சிதறும்போது வேலையும் வீடும் மட்டும் போவதில்லை. இந்த அறிவும் போய்விடுகிறது. பழைய பெயர் அகற்றப்பட்டு, பூவின் பெயரிலோ பொன்னின் பெயரிலோ புதிய குடியிருப்பு திறக்கப்படுகிறது. ஓடை இருந்த இடம் சிமெண்டுக் கால்வாய் ஆகிறது. முப்பது ஆண்டுக் கடனுக்கு வீடு வாங்கிய குடும்பம், தன் வாசலில் வெள்ளம் வந்த பின்னரே அது பள்ளத்து லயம் என்று அறிகிறது. அக்குடும்பமும் சில வேளைகளில் அதே தோட்டத்தில் பிறந்த தொழிலாளியின் பேரப்பிள்ளைகளாக இருத்தல் கூடும்! இதனைவிடப் பெரிய அவலம் உண்டோ?

இரு தரப்புக்கும் சில சொற்கள்

வட்டார ஆய்வை மிகைப்படுத்திப் புகழ்வதும் தவறு. பழைய நினைவுகள் யாவும் மெய் அல்ல. முதியோர் சொல்லும் வெள்ளத்தின் ஆண்டு மாறியிருக்கலாம், அளவு கூடியிருக்கலாம். ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் காரணங்களில் பல பிற்காலத்தில் புனையப்பட்டவை. கோலாலம்பூர் என்னும் பெயருக்கே ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உள்ளன. தட்பவெப்பம் மாறிவரும் இக்காலத்தில், முன்பு நீர் ஏறாத இடத்திலும் இனி ஏறலாம். ஆகவே, நினைவைக் குறிப்போடும், குறிப்பை நிலத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தே எதனையும் ஏற்க வேண்டும். ஒப்பிட்டு நோக்கும் அப்பயிற்சியைத் தருவதும் வட்டார ஆய்வுதான்.

பொறியியலாருக்கும் ஒரு சொல். கணக்கைத் தொடங்கு முன் ஊர்ப்பெயரின் பொருளைக் கேளுங்கள். மலாய்க் கிராமத்தாரையும், ஓராங் அஸ்லி மக்களையும், பழைய சுரங்கத் தொழிலாளரையும், தோட்டத்து முதியோரையும் அவரவர் மொழியில் பேசச் செய்து குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வது முடிவாக இராது; முதல் வினாவாக இருக்கும். சரியான வினா கிடைத்தால் பாதி விடை கிடைத்தது போலாகும்.

சிலாங்கூர் ஆற்றின் மேற்பகுதியில், கோலகுபு பாருவுக்கு அருகே, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் புதியதோர் அணை கட்டப்பட்டது. அதற்காகத் தெமுவான் இன ஓராங் அஸ்லி மக்களின் கிராமங்கள் இடம் மாற்றப்பட்டன. தலைநகருக்கும் சிலாங்கூருக்கும் புத்ராஜெயாவுக்கும் வேண்டிய குடிநீரில் பாதிக்கு மேற்பட்டது இன்று சிலாங்கூர் ஆற்றிலிருந்தே பெறப்படுகிறது. ஒரு காலத்தில் ஊரைப் புதைத்த ஆறு, இன்று மாநகருக்கு நீரூட்டுகிறது. அவ்வாற்றின் மேற்பகுதிக் காடும் மண்ணும் கெட்டால் நம் குழாயில் நீர் நின்றுபோகும். கோலகுபுவாசிகளுக்கு இருந்த அதே பிணைப்பு, இப்போது பல இலட்சம் மக்களுக்கு உண்டாகியிருக்கிறது.

இதில் ஆசிரியர்கள் செய்யக்கூடிய பணி பெரிது. முன்பு நம் தொடக்கப்பள்ளிகளில் வட்டாரக் கல்வி என்று ஒரு பாடம் இருந்தது. பாடத்தின் பெயர் மாறலாம். அதன் நோக்கம் மாற வேண்டுவதில்லை. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன்னைச் சுற்றியுள்ள ஐந்து மைல் நிலத்தின் ஊர்ப்பெயர், ஓடை, குட்டை, பழைய லயம், வெள்ளம் வந்த ஆண்டு ஆகியவற்றை மாணவரைக் கொண்டு தொகுத்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். மலாய், சீனப் பள்ளிகளோடு சேர்ந்து செய்தால் இன்னும் சிறப்பு; ஏனெனில், ஆறு எந்த இனத்தையும் பிரித்துப் பார்த்து ஓடுவதில்லை. செலவு ஒன்றும் பெரிதில்லை. ஒரு பேரேடும், பெரியவர்களின் திண்ணையில் உட்கார்ந்து கேட்கும் பொறுமையும் போதும்.

தோட்டத்துப் பெரியவர்களுள் பலர் எண்பதைக் கடந்துவிட்டனர். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். அவர்கள் வாய் மூடுமுன் ஏடு திறக்க வேண்டும் என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்வோமாக.